முப்பது சதவீதம்

பன்னிரண்டு வருஷமாகக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறேன். மல்லேஸ்வரத்தில் மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். பெங்களூரில் இப்போது டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு இருக்கும் கிராக்கியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கையில் மூன்று ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தில் இன்டர்வியூவுக்கே நான்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பாமா அந்த ரகமில்லை. ஸ்ரீராம்புரத்துப் பெண். ஈஜிபுராவில் ஒரு சின்னக் கம்பெனியின் டேட்டாபேஸ் முழுவதையும் எட்டு வருஷமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளம் வருஷத்துக்கு ஆறரை லட்சம் என்றதும் கத்தியேவிட்டேன்.

"ஆறரையா? யாரும்மா உன்னை இப்படி ஏமாத்துனது?"

"சேரும்போது குடுத்தத வாங்கிக்கினேன் சார். அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் ஏத்துனாங்க."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். அதற்கு மேல் முப்பது சதவீதம் போட்டுக் கொடுப்பார்கள். குறைவாக ஆரம்பித்தவருக்கு எங்கே போனாலும் குறைவுதான். நான் அவளை அனுப்பிய கம்பெனி அந்த வேலைக்கு இருபது லட்சம் ஒதுக்கியிருந்தது. அதை வேலை தேடுகிறவரிடம் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர் நோயல், அங்கே டெக்னிக்கல் தலைவர். நாற்பது விநாடி எடுக்கும் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்து வேகப்படுத்தச் சொன்னார். பாமா கொஞ்ச நேரம் பார்த்தாள், இரண்டு வரி மாற்றினாள், ஒரு விநாடியில் வந்தது. பிறகு அவள் கேட்டாள்: "சார், உங்க பேக்கப்ப கடைசியா எப்போ திருப்பி ஏத்திப் பாத்தீங்க?"

"தினமும் எடுக்கறோமே. பச்சை லைட் வருது."

"எடுக்கறது வேற சார். ஒருவாட்டி டெஸ்ட் மெஷின்ல ஏத்திப் பாக்கலாமா?"

நேற்று எடுத்து வைத்த நகல் ஏறவில்லை. போன மாதத்தையதும் ஏறவில்லை. மெஷின் படுத்தால் கம்பெனியின் டேட்டா மொத்தமும் போச்சு என்று புரிந்து நோயல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாமாவின் முகத்தில் ஜெயித்த களை துளியும் இல்லை. எங்கே தவறியது என்று நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரின் இன்டர்வியூவில் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்படி வேலை தெரிந்த ஒருத்தியைப் பார்த்ததில்லை.

அடுத்த அறையில் எச்.ஆர். ஜோவிதா சம்பளச் சீட்டைப் புரட்டினாள். "முப்பது பர்சென்ட் ஹைக். எட்டரை வரும். சந்தோஷமா?"

"மேடம், நான் வாங்கறது எனக்குப் பேசத் தெரியாததால வந்தது. இந்த வேலைக்கு நீங்க எவ்ளோ வச்சிருக்கீங்க?"

ஜோவிதா மறுபடியும் சீட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். என் வருமானத்தில் பாதி அந்தக் கம்பெனி தருவது. ஆனாலும் என் வாய் திறந்துவிட்டது.

"இருபது லட்சம்."

நோயல் உள்ளே வந்து, "என்ன கேக்கறாங்களோ குடுங்க, இன்னிக்கே லெட்டர் அடிங்க" என்றார். ஜோவிதா என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு அங்கே இனி வேலையில்லை என்று தெரிந்துவிட்டது.

கீழே வந்து மெட்ரோவுக்கு நடந்தோம். லெட்டர் போனில் வந்துவிட்டது, இருபதேதான். பாமா அதை இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"எத்தினி பேருக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்க?"

எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.