சைரன் அக்காவுக்கு ஒரு ஸ்டூல்

மூடிக்கிடந்த நூல் மில்லை மியூசியமாக்கி, பழைய தொழிலாளிகளையே கூப்பிட்டு, "நீங்க நீங்களாவே நடிச்சாப் போதும்" என்று சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? சைரன் அக்கா முதல் ஆளாக வந்து நின்றாள். மெஷின் இரைச்சலையும் மீறும் தொண்டைக்காக அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. இப்போது மெஷின் வெறுமனே சுற்றும். அறுபடாத நூலை அவள் முடிச்சுப் போடுவதுபோல் பாவனை செய்வாள். டிக்கெட் வாங்கியவர்கள் படம் எடுப்பார்கள்.

ஒரே வில்லங்கம், நாள் பூராவும் நிற்க வேண்டும். முழங்கால்கள் அவளைப் படாதபாடு படுத்தின. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். விட்டால் இந்த ஊரில் வேறு வேலைக்கு எங்கே போவது? மேனேஜரிடம் போய் ஒரு ஸ்டூல் கேட்டாள்.

"பழைய போட்டோல யாருமே உட்காரலையேம்மா," என்றார் அந்தச் சின்ன வயசுக்காரர்.

"போட்டோ எடுக்கறாங்கன்னுதானே தம்பி எழுந்து நின்னோம்!"

அவர் மசியவில்லை. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து மெஷினை நிறுத்தினாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஸ்டூல் வேணும்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மற்ற தொழிலாளிகளும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். சேதி பரவி, டிக்கெட் வரிசை தெருவரைக்கும் நீண்டது. கோபமாக ஓடிவந்த மேனேஜருக்கு வரிசையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"சூப்பர்ம்மா! தினமும் இதையே பண்ணுங்க."

"அப்ப ஸ்டூல்?"

"அதைக் குடுத்துட்டா அப்புறம் எதுக்கு ஸ்ட்ரைக் பண்ணுவீங்க?"

ஒரு காலத்தில் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்த வேலைநிறுத்தம், இன்றைக்கு டிக்கெட் விற்கிறதே என்று அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. அவளோடு அதே மில்லில் வேலை பார்த்து, இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் களுக்கென்று சிரித்தாள்.

"அண்ணி, நாம இப்ப உட்கார்ந்துதானே இருக்கோம்?"

அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, இனிமே காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்ட்ரைக்தான்!"

கொஞ்ச நேரத்தில் கூட்டம் மெஷின் ஓடுவதையும் பார்க்க வேண்டும் என்றது. மேனேஜர் கெஞ்சினார்.

"ஸ்டூல் வந்தா ஓடும்," என்றாள் அக்கா.

"ஸ்டூல் குடு! ஸ்டூல் குடு!" கூட்டமே சேர்ந்து கத்தியது. மேனேஜருக்கு வேர்த்து ஊற்றியது. கேன்டீன் ஸ்டூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று குறையவே, அவருடைய சுழல் நாற்காலியும் வந்தது. அக்கா அதில் ஏறி உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மெஷினைப் போட்டாள்.

பார்த்துவிட்டு வெளியே போகிற வழியில் ஒரு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருமே பிரமாதம். அந்த மேனேஜரா வர்றவருக்குத்தான் நடிப்பு அவ்வளவா வரலை."

"புதுசுங்க," என்றாள் அக்கா. "போகப்போகப் பழகிடுவார்."