ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லை

“ஞாயித்துக்கெழம ஒரு போட்டும் கடல்ல எறங்கக் கூடாது. காசாவுல செத்துப்போன கடல்காரங்களுக்காக.”

இதை மட்டும் சபையில் கேட்டுவிடாதே என்று கோவிந்தம்மா மகள் காவேரியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கடலில் ஒருவன் செத்தால் ஊரே தொழிலுக்குப் போகாமல் நிற்பது குப்பத்தின் வழக்கம். ஆனால் நிற்கச் சொல்வது பஞ்சாயத்தார் வேலை. பெண்கள் வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். உள்ளே வந்து வாயைத் திறந்தால் அந்த வீட்டு ஆம்பளை சபையில் உட்கார முடியாது. உட்கார்ந்திருந்த பஞ்சாயத்தாரில் ஒருவர் தேசப்பன், காவேரியின் அப்பா.

காவேரி உள்ளே வந்தாள். வாயையும் திறந்துவிட்டாள். வெளியே விட்டது செருப்பை மட்டும்தான்.

சபை கூடியிருந்த மீன் ஏலக்கூடம் அடங்கிப் போனது. தலைவர் டில்லிபாபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இன்னாம்மா காவேரி. எதுவா இருந்தாலும் உங்க நைனா மூலமா சொல்லணும்னு தெரியாதா?”

“சொல்லிப் பாத்தேன் மாமா. நைனா சொல்ல மாட்டேன்னுட்டாரு. அதான் நானே வந்துட்டேன்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த துண்டின் நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் காவேரி. பெருங்குடியில் வேலை. போன வாரம் மயிலாப்பூரில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே ஒரு வீடியோ போட்டார்கள். கரையெல்லாம் எரிந்த போட்டுகள். முழங்கால் தண்ணியில் நின்று ஒரு ஆள் சின்ன வலையை வீசிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கடற்படை சுடுமாம். அந்த வலையும் நீலம். அப்பா வலை மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து அழவில்லை, கத்தினாள். பிறகு மீன் விற்கும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து பேசினாள். “மொதல்ல சபையில கேளு, அப்பாலிக்கா பாக்கலாம்” என்று அனுப்பி வைத்தவர்கள், இப்போது தகரக் கூரைக்கு வெளியே கூடையும் இடுப்புமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“எங்கியோ கீற ஊரு,” என்றான் செபஸ்தியான். புது போட் வாங்கியதிலிருந்து எல்லா விஷயத்திலும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. “நம்மளுக்கு இன்னா சம்மந்தம்?”

“போன வருசம் ஒரு பொணம் ஒதுங்குச்சே அண்ணா. பேர் தெரியாது, ஊர் தெரியாது. கடல்ல செத்தவன்னு அந்த ஒரு பேச்சுக்கு அத்தனை போட்டும் நின்னுச்சே. அப்ப சம்மந்தம் கேட்டியா?”

“அது கடைசில தி. நகர் கடை சேல்ஸ்மேன்மா,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “நீச்சல் தெரியும்னு பந்தயம் கட்டிக்கினு எறங்கினவரு.”

கூடமே குலுங்கியது. காவேரிக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“பந்தயம் கட்டினவருக்கு நின்னீங்க. சோத்துக்கு எறங்கினவனுக்கு நிக்க மாட்டீங்களா?”

சிரிப்பு நின்றது. செபஸ்தியான் விடவில்லை. “அது சண்ட நடக்கற எடம். பெரிய நாட்டுக்காரன் எவனாவது படைய எறக்கி எல்லாரையும் ரெண்டு தட்டு தட்டினா அடங்கிடும். நீ மீன நிறுத்தினாவா அடங்கும்?”

இந்தக் கேள்வி வராதா என்றுதான் அவள் காத்திருந்தாள்.

“வடக்குக் குப்பத்தோட வலைச்சண்ட வந்தப்ப நம்ம கரையிலயும் போலீச எறக்கினாங்களே. அடங்குச்சா?”

எந்த வலையை எந்த நேரத்தில் விடுவது என்று கிளம்பிய தகராறு அது, வெட்டுக்குத்து வரைக்கும் போனது. போலீஸ் கரையில் கூடாரம் அடித்துத் துப்பாக்கியோடு உட்கார்ந்தது. இருந்தவரை இரண்டு ஊரும் பட்டினி. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன மறுநாளே ஒரு போட் எரிந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் டில்லிபாபுதான். அந்த ஊர்த் தலைவரை நடுக்கடலுக்கு வரச்சொல்லி, இரண்டு போட்டையும் ஒரே கயிற்றில் பிணைத்து, கஞ்சியும் ஊறுகாயுமாக வெயில் தாழும்வரை பேசினார்கள். அன்றைக்குப் போட்ட முறைதான் இன்றுவரை ஓடுகிறது.

“அன்னிக்கு மொதப் பேச்சு இன்னா பேசுனீங்க மாமா?”

டில்லிபாபு கடல் பக்கம் கையைக் காட்டினார். “கடலு உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அத ஒத்துக்கினா மத்தத பேசலாம், இல்லாங்காட்டி கயித்த அவுத்துடுன்னேன்.”

“அவ்ளோதான் மாமா நானும் சொல்றேன். அவங்களுக்கும் அவங்க கடலு, அவங்க மண்ணு உண்டு. அத ஒத்துக்கினு உக்காந்து பேசணும். எத்தினி குண்டு போட்டாலும் அந்த ஒரு பேச்சுக்கு ஈடாவாது.”

வெளியே பெண்கள் பக்கம் சலசலப்பு. பஞ்சாயத்தார் குனிந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். டில்லிபாபு நிமிர்ந்தபோது முகத்தில் இளக்கம் தெரிந்தது.

“சரி. செவ்வாக்கெழம நின்னுக்கலாம்.”

“செவ்வாக்கெழம மீன் இல்லன்னா யாரு மாமா கேக்கப் போறாங்க? ஞாயித்துக்கெழம அடையாறே பையத் தூக்கிக்கினு வரும். இல்லன்னா ஏன்னு கேக்கும். நம்ம சொல்லுவோம். எனக்கு அந்த ஏன் வேணும்.”

“பாத்தீங்களா தலைவரே,” செபஸ்தியான் தொடையைத் தட்டினான். “ஒலகமே எறங்கி வந்து பேசணுமாம். இவ மட்டும் ஒரு கெழம எறங்கி வர மாட்டாளாம்.”

சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். காவேரிக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஞ்சாயத்தார் தொண்டையைக் கனைத்தார். “அது கெடக்கட்டும். பொண்ணு சபையில பேசிட்டா. கட்டுப்பாடுன்னு ஒண்ணு கீதே. தேசப்பா, இன்னா சொல்ற?”

எல்லாக் கண்களும் அப்பா பக்கம் திரும்பின. அவருடைய அப்பாவும் உட்கார்ந்த இடம் அது. தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எழுந்துட்டேன்,” என்றார். “இனிமே எனுக்கு இங்க எடம் கெடையாது, ஒத்துக்கினேன். அவ கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. அத சொல்லுங்க.”

அப்பா நிற்பதைப் பார்த்தபோதுதான் காவேரிக்கு வழி பளிச்சென்று தெரிந்தது.

“அண்ணா சொன்னது சரி. நான் எறங்கி வரேன்,” என்றாள். “ஞாயித்துக்கெழம நீங்க தொழிலுக்குப் போங்க. வல போடுங்க, நெறைய புடிங்க. கடலுக்குப் போறது உங்க வேல, அத நிறுத்துன்னு கேக்க மாட்டேன். விக்கறது எங்க வேல. நாங்க விக்கல.”

செபஸ்தியானுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “விக்கலன்னா? புடிச்ச மீன இன்னா பண்றது?”

வெளியிலிருந்து அவன் மனைவி ரோஸியின் குரல் வந்தது. “நீயே உக்காந்து வித்துக்கோய்யா. செதிலு சீவ கத்தி வீட்டுலதான் கீது. பெசன்ட் நகர் வீட்டம்மாங்க வஞ்சிரத்துக்கு வெல பேசுவாங்க, எப்டி சமாளிக்கறேன்னு நானும் பாக்கறேன்.”

இந்தத் தடவை பஞ்சாயத்தாரே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வெளியே பெண்களோடு நின்ற கோவிந்தம்மா தன் மீன்கூடையை மண்ணில் கவிழ்த்தாள். யாரையும் பார்க்காமல், ஏதோ தண்ணி வடியட்டும் என்று வைப்பதுபோல் வைத்தாள். பக்கத்தில் ரோஸி கவிழ்த்தாள். அப்புறம் வரிசையாக ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது.

“இரும்மா,” என்றார் டில்லிபாபு. “சபை இன்னும் முடிவு சொல்லல.”

“பேசி முடிச்சுட்டு சொல்லுங்க மாமா. அவசரம் இல்ல.”

அவள் திரும்பி நடந்தாள். தூணோரம் நின்றிருந்த அப்பாவைக் கடக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தி, “உங்கம்மாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு,” என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

வாசலில் ரோஸி அவளுடைய செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கூடையோடு மயிலாப்பூரில் அந்தக் கூட்டம் நடந்த இடம் வரைக்கும் நடப்பதா, பஸ்ஸில் ஏறுவதா என்று அதற்குள் அங்கே சண்டை ஆரம்பித்திருந்தது. காவேரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“நடக்கறோம்,” என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.