மாப்பிள்ளையின் தெற்றுப்பல்

பல் மருத்துவமனையின் பின்னறையில் மேஸ்திரிக்கென்று ஒரு மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, மெருகேற்ற ஓர் இயந்திரம் இருந்தன. பல் செட் செய்வது அவர் வேலை. கட்டட வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. செங்கல் வைத்த மாதிரி வரிசை பிசகாமல் பல் அடுக்குகிறாரே என்று டாக்டரம்மா விளையாட்டாகச் சொன்ன பெயர், சபை வரைக்கும் போய் நிலைத்துவிட்டது.

அவருக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆராதனையில் வாய்விட்டுப் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கர்த்தர் தனக்குக் கொடுத்த ஊழியம் இந்த மேசைதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஒவ்வொரு செட்டையும் ஜெபித்துவிட்டுத்தான் தொடங்குவார். நாக்கு மட்டுமே தொடும் உட்புறத்தைக்கூட பளிங்கு போல மெருகேற்றுவார். "நம்ம வேலைதான் நம்ம சாட்சி" என்பார். சபையில் பாதிப் பேர் வாயில் அந்தச் சாட்சி இருந்தது.

அவர் மனைவி அதே மருத்துவமனையின் வரவேற்பில் இருந்தாள். பயந்து வருகிறவர்களைப் பேசிப் பேசியே பாதி குணமாக்கி உள்ளே அனுப்புவது அவள் ஊழியம்.

சபையில் ஆர்கன் வாசிக்கும் அக்காவுக்கும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்கா அதுவரை மணமாகாதவர். டிரைவர் மனைவியை இழந்தவர். ஈறு நோயில் மேல்வரிசைப் பல் முழுவதையும் இழந்தவரும்கூட. அளவெடுக்க வந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்.

"மேஸ்திரி, இந்த இடத்துல எனக்கு ஒரு தெத்துப்பல்லு இருந்துச்சு. பக்கத்துப் பல்லு மேல ஏறிக்கிட்டு நிக்கும். அதே மாதிரி வச்சுடுங்க."

"கல்யாண மாப்பிள்ளைக்கு யாராவது கோணப் பல்லு வைப்பாங்களாண்ணே? நீங்க வாயை மட்டும் திறங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு வாதாட முடியாது.

இறுதியாக வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் பதித்துப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கு அக்காவும் கூட வந்திருந்தார். நாற்காலியில் இருந்த டிரைவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். முத்துக் கோத்தது போலிருந்தது.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அக்கா.

புது வீடு பார்க்க வந்தவர்கள் சொல்லுகிற குரலில் அது இருந்ததை மேஸ்திரியின் மனைவி கவனித்தாள். டாக்டரம்மா டிரைவரின் ஈறைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மெழுகு அச்சோடு மேஸ்திரி திரும்பியிருந்த பின்னறைக்கு அக்காவையும் கூட்டிப்போனாள்.

"மனசுல உள்ளதைச் சொல்லுங்கக்கா. இப்ப மெழுகுதான். நாளைக்குக் கெட்டியாயிடும்."

அக்கா தயங்கினார். "ஆர்கனுக்கு மேல ஒரு கண்ணாடி இருக்குல்ல? போதகர் உள்ள வர்றது தெரியணும்னு மாட்டினது. அதுல கடைசி பெஞ்சும் தெரியும். அவரு அங்க நின்னு பாடுவாரு. பாட்டுல தப்பு பண்ணினா தானே சிரிச்சுக்குவாரு. அப்ப அந்தப் பல்லு எட்டிப் பாக்கும்." முகம் சிவந்து நிறுத்தினார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. வயசான காலத்துல இதெல்லாம் ஒரு பேச்சான்னு நினைப்பாரு. இந்தச் சிரிப்பு அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவரைத்தான் கட்டிக்கப்போறேனான்னு ஒரு நொடி திக்குன்னு ஆயிடுச்சு."

அக்கா போனதும் மேஸ்திரி மெழுகு அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மொத்த சபைக்கு முன்னாடி அந்தக் கோணப் பல்லு தெரியும். செஞ்சது யாருன்னும் எல்லாருக்கும் தெரியும்" என்றார் மனைவியிடம்.

"தெரியட்டுமே."

"அப்புறம் என் சாட்சி என்ன ஆகறது?"

"ஏங்க, பல்லு யாரு வாய்க்கு? அவரு வாய்க்கா, உங்க பேருக்கா?"

"நான் கர்த்தருக்குன்னு செய்யறேன்."

"கர்த்தருக்குத்தான் ஒரு பல்லும் வேண்டாமே! அந்த மனுஷனுக்குச் செஞ்சாத்தான் அது அவருக்குப் போய்ச் சேரும். முதல் நாளே வாயைத் திறந்து கேட்டாரு. அந்த வாயிலயே அச்சை வச்சு அடைச்சிட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நீங்க உண்மையா உழைக்கிறீங்க, இல்லேங்கல. வேதத்துல வர்ற எஜமான், ஊழியக்காரன்கிட்ட உண்மையோட விவேகத்தையும் சேர்த்துத்தான் எதிர்பார்த்தாரு" என்று சொல்லிவிட்டு, மணி அடித்த தொலைபேசியை எடுக்கப் போய்விட்டாள்.

மேஸ்திரி கத்தியைச் சூடாக்கி, தெற்றுப்பல் இருக்கவேண்டிய இடத்து மெழுகை இளக்கினார். பல்லைக் கோணலாக வைப்பது நேராக வைப்பதைவிடக் கடினம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் ஏறினால் உதட்டைக் கடிக்கும். கொஞ்சம் இறங்கினால் கீழ்ப்பல்லின் அச்சில் இடித்து, செட் முழுவதையும் தூக்கியது. வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நடுவில் கண்ணை மூடி, கோணலுக்காக முதன்முறையாக ஜெபித்தார். டிரைவரை மறுபடி வரச்சொல்லி, போட்டுப் பார்க்கச் சொன்னார்.

டிரைவர் கைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவி, நீ திரும்பி வந்துட்டியா?" என்று அந்தப் பல்லிடம் கேட்டார்.

சனிக்கிழமை கல்யாணம். உறுதிமொழி சொல்லி முடித்ததும் டிரைவர் மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அக்கா பதிலுக்குச் சிரித்தவர், வேதத்தின் மேல் கை வைத்திருப்பதை மறந்து, அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விருந்தில் சபைச் செயலர் மேஸ்திரியின் தோளில் கைபோட்டார். அவர் வாயிலிருப்பதும் மேஸ்திரி செய்த செட்தான்.

"என்ன மேஸ்திரி, மாப்பிள்ளைக்கு ஒரு பல்லு வழி தவறிப் போச்சே! கல்யாண அவசரமா? இல்ல, கண்ணுக்குத் தெரியலையா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் உரியது.

"அப்படித்தான் அமைஞ்சுதுங்க" என்றார்.

"என் மச்சினிக்கு உங்ககிட்டதான் செட் செய்யணும்னு சொல்லி வச்சிருந்தேன். கொஞ்சம் யோசிக்கணும் போல இருக்கே."

"யோசிச்சுச் செய்யுங்க. தப்பில்ல."

செயலர் நகர்ந்ததும் மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் டிரைவர் எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்செட் கழன்று விழுவதென்றால் இப்படிச் சிரிக்கும்போதுதான் விழும். மேஸ்திரி சாப்பிடுவதை நிறுத்திக் கூர்ந்து பார்த்தார்.

செட் அசையவில்லை. அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.