காற்று எந்தப் பக்கம் அடித்தது?

1

ஒளிப்பானேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பி மனைவி, இயற்கை விவசாயச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். கட்டணத்தை முதலில் அவளே கட்ட வேண்டும். சான்றிதழ் வந்தால் அரசாங்கம் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். ஸ்கூட்டரை விற்றுக் கட்டினாள். இப்போது சந்தைக்கு நடந்துதான் போகிறாள். நடந்தாலும் அழகாகத்தான் இருக்கிறாள், அது வேறு.

(மருந்து அடிக்காமல் இருப்பதற்கு உதவித்தொகை! நான் எழுதாமல் இருந்தால் யாராவது தருவார்களா? என் வீட்டுக்காரர் வேண்டுமானால் தருவார்.)

2

முதல் தொடக்கம்: ‘அவள் பேராசைக்காரி. நல்ல பெயர் வாங்குவதற்காகவே…’

அடித்துவிட்டேன். பேராசைக்காரி வருஷக்கணக்காக வெயிலில் குனிந்து கையால் களை பிடுங்க மாட்டாள்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஒரே மாமனார் பிரித்துக் கொடுத்த நிலம், ஒரே கிணறு. ஒருத்தியின் வயலைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இன்னொருத்தியின் கதையைப் படிக்க…’

இதை முடிக்க மனசு வரவில்லை. என் கதை வந்த பத்திரிகையை எங்கள் வீட்டில் அலமாரித் தட்டில் விரித்திருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் என் கணவர், “அவளைப் பாரு, என்னா சாமர்த்தியம்!” என்கிறார். சோறு இறங்குமா?

3

இந்த இடத்தில் கதைக்குள் நிஜமாகவே ஆள் வந்துவிட்டார். சான்றிதழ் ஆய்வாளர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“அம்மா, உங்க ஓரகத்தி வயல் எல்லையோரம் இருக்கற உங்க வயலுக்குப் போன மாசம் மருந்து அடிச்சீங்களாமே. அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?”

“ஏன் கேக்கறீங்க?”

“அவங்க பயிர் மேல பட்டிருக்குமோன்னு சந்தேகம் இருந்தாலே நிறுத்தி வெச்சுடுவோம். அப்புறம் மறுபடியும் கட்டணம் கட்டி, முதல்லேர்ந்து வரணும்.”

மறுபடியும் கட்ட அவளிடம் விற்பதற்கு இன்னொரு ஸ்கூட்டர் இல்லை.

“அவ என்ன சொன்னா?”

“‘அக்கா பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களையே கேளுங்க’ன்னாங்க.”

பாவி! என் தலையிலேயே கொண்டுவந்து கட்டிவிட்டாளே.

“இருங்க, பேனாவை மூடி வெச்சுட்டு வர்றேன்” என்று உள்ளே வந்தேன். இன்னும் மூடவில்லை.

4

காற்று அவள் வயல் பக்கமே போகவில்லை, எங்கள் வீட்டுப் பக்கம்தான் அடித்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மருந்து நாற்றம். அத்தனையையும் மறுபடி துவைத்தேன், கணவரைத் திட்டிக்கொண்டே. மறக்கிற விஷயமா அது?

முடிவு அ: இதை அப்படியே சொல்கிறேன். அவளுக்குச் சான்றிதழ், பணம், ஸ்கூட்டர். எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சு, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

முடிவு ஆ: “ஞாபகம் இல்லீங்களே.” அவ்வளவுதான். பொய் மாதிரியே தெரியாது. மறதிக்காக யாரும் யாரையும் பிடித்து உலுக்க மாட்டார்கள். எழுதிப் பார்த்தேன், கையெழுத்து என்னவோ குண்டு குண்டாக அழகாக வந்திருக்கிறது.

(ஆ-வை இன்னும் அடிக்கவில்லை. கவனித்திருப்பீர்கள்.)

5

ஜன்னலுக்கு வெளியே அவள் குரல். வரப்பிலிருந்து ஓடி வந்திருக்கிறாள் போல, மூச்சு வாங்குகிறது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“சார், கொஞ்சம் உக்காருங்க. அக்கா கதை எழுதறாங்க. பாதியில கூப்பிட்டா ஓட்டம் விட்டுப்போயிடும்.” பிறகு எனக்குக் கேட்கும்படி, “அக்கா, நீங்க முடிச்சுட்டே வாங்க, அவசரமில்ல!”

அவசரமில்லையாம். அவள் பிழைப்பே இங்கே தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்காக இந்த வீட்டில் யாரும் யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை.

பாருங்கள், கதையின் நல்ல வசனத்தையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாள். வயிறு எரிகிறது. பேனாவை மூடப்போகிறேன். வெளியே போய் நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: என்னை நல்லவளாக எழுதுவதாக இருந்தால், அவளைவிட ஒரு பிடி கூடவே எழுதுங்கள்.