ஆஃப் ஸ்டம்பின் பள்ளம்

என் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. என்னைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப்போக வேண்டிய அப்பா, வாசல்படிகூட மிதிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

காரணம் ஒரு பெயில்ஸ். ஸ்டம்பு மேல் வைக்கும் விரல் நீளக் கட்டை.

போன வருஷம் ஃபைனல் எங்கள் கிளிஃப்டன் மைதானத்தில் நடந்தது. கடைசி ஓவரை அப்பாதான் போட்டார். ஐம்பத்துநாலு வயதிலும் அவர் பந்து பாம்பு மாதிரி திரும்பும். பெல்ஃபீல்டு அணிக்கு மூன்று ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். அடித்தவர் கிராண்ட்லி. பந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டிய 'டக்' சத்தம் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. பெயில்ஸ் ஒரு துள்ளு துள்ளி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பெயில்ஸ் விழாவிட்டால் அவுட் இல்லை. அடுத்த பந்தை கிராண்ட்லி பௌண்டரிக்கு அனுப்பினார்.

நான் கட்டிக்கொள்ளப்போவது அந்த கிராண்ட்லியைத்தான்.

"மெழுகு வெச்சு ஒட்டியிருக்கான் அந்தப் பய. காலையிலயே நம்ம சாமான் ரூமுக்குள்ள இருந்து வெளிய வந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று அப்பா அன்று முதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்தது நிஜம். ஆனால் கிராண்ட்லி அங்கே வந்தது என்னைப் பார்க்க. சாவியை நானே கொடுத்திருந்தேன். இதை எந்த மகள் அப்பாவிடம் சொல்வாள்?

ஜெயித்தவர்கள் ஆளுக்கொரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முனையின் மூன்றில் இரண்டு பெல்ஃபீல்டு ரம் கடைச் சுவரில் தொங்குகின்றன. ஆஃப் ஸ்டம்பு மட்டும் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. "எந்தப் பய எடுத்தானோ, நான் கவனிக்கலை" என்று கிராண்ட்லி என்னிடம் சொல்லியிருந்தார்.

"கவனிக்கலையா? அதுலதாம்மா சாட்சி இருக்கு. அதான் அது மட்டும் காணோம்" என்பார் அப்பா.

எங்கள் கிளிஃப்டன் கிளப்பின் செயலாளர் நான். இந்த வருஷத்துக்குப் புது ஸ்டம்பு வாங்க தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு பஸ் ஏறினேன். மிஸ் இனிஸ் கடையில் சுவர் முழுக்க ஸ்டம்புகள் சாய்ந்து நின்றன.

"வாம்மா வெர்லீன். கல்யாணப் பொண்ணு ஸ்டம்பு வாங்க வந்திருக்கா, சுத்தம்! மாப்பிள்ளையை அடிக்கவா?"

"தேவைப்பட்டா."

மிஸ் இனிஸ் சிரித்துக்கொண்டே இரண்டு செட் எடுத்து வைத்தாள். அடியில் ஸ்பிரிங் வைத்தது பிராக்டிஸுக்கு. பந்து பட்டால் சாய்ந்து தானே நிமிர்ந்துகொள்ளும், சிமென்ட் தரையிலும் நிற்கும். மேட்ச்சுக்கு நல்ல வைரம் பாய்ந்த மரம், நுனியில் இரும்புப் பூண். பெயில்ஸ் மட்டும் இரண்டு ஜோடி. ஒன்று லேசானது. இன்னொன்று தண்ணீரில் போட்டால் மூழ்கும் கட்டையில் கடைந்தது.

"உங்க மைதானம் கடலைப் பாத்தது. காத்து அடிச்சா லேசானது நிக்காது. கனமானதும் வேணும். ஆனா பள்ளத்தைப் பாத்து வாங்கு." மிஸ் இனிஸ் ஸ்டம்பின் தலையில் பெயில்ஸ் உட்காரும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக் காட்டினாள். "நகம் முழுசா முங்கக் கூடாது. பள்ளம் ஆழமா இருந்து, மேல கனமான பெயில்ஸும் வெச்சா, பந்து உரசினாக்கூட விழாது."

"யாராவது வேணும்னே ஆழமாக்க முடியுமா?"

"ஏன் முடியாது? ஒரு அரம் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம்.

ஃபைனல் அன்று காலையில் சாமான் ரூமில் கிராண்ட்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போய் உங்கப்பா வர்றாரான்னு பாத்துட்டு வா" என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரை அவர் ஸ்டம்புகளோடு தனியாக இருந்தார். அவர் வேலை பார்ப்பதும் தச்சுப் பட்டறையில். அரம் அவர் பையிலேயே கிடக்கும்.

அவர் வந்தது எனக்காகவா, ஸ்டம்புக்காகவா?

பஸ்ஸில் சாமான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். அன்று அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேறு மாதிரி கேட்டது. 'உன்னைப் பார்க்காம மேட்ச் ஆட முடியாது' என்றாரே, அதுகூட.

வீட்டுக்குப் போகவில்லை. பெல்ஃபீல்டிலேயே இறங்கினேன். கிராண்ட்லியின் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இன்னும் வரலையே மகளே. உள்ள போய் உக்காரு. மோபிப் பட்டைத் தண்ணி குடிக்கிறியா?"

"அவர் கல்யாண கோட்டு அளவு பாக்கணும் அத்தை" என்று பொய் சொன்னேன்.

அலமாரியில் கோட்டுக்குப் பின்னால் துண்டு சுற்றிய ஏதோ நின்றது. பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் கிளப்பின் பச்சை வளையம் போட்ட ஸ்டம்பு. பள்ளத்தில் நகத்தை வைத்தேன். முழுசாக முங்கியது.

கட்டிலில் உட்கார்ந்தேன்.

கிராண்ட்லி உள்ளே வந்தபோது ஸ்டம்பு என் மடியில் இருந்தது. மரத்தூள் ஒட்டிய முகம் ஒரு நொடி சுருங்கியது.

"யார் எடுத்தாங்கன்னு தெரியாதுன்னீங்க."

"வெர்லி, அதைக் கொடு."

"அரம் போட்டிருக்கு. எங்க வெச்சுப் போட்டீங்க? நான் வாசல்ல காவல் நின்னப்பவா?"

"பைத்தியமா நீ? பெயில்ஸ் விழாததும் எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதான் ஜெயிச்ச உடனே இதைப் பிடுங்கிப் பாத்தேன். பாத்ததும் யார் வேலைன்னு தெரிஞ்சிருச்சு. அதனாலதான் மறைச்சேன்."

"யார் வேலை?"

அவர் ஸ்டம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பள்ளத்தில் அரம் விட்ட கோடுகள் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தன. "இது இடதுகைக்காரன் அரம் பிடிச்ச சாய்வு. நான் வலதுகை. உங்க கிளப்ல இடது கையால வேலை செய்றது யாரு?"

எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தார். மைதானத்தைப் பராமரிப்பவரும் அவர்தான்.

"எங்கப்பா தன் விக்கெட்டைத் தானே கெடுத்துப்பாரா? நல்லா இருக்கே கதை!"

"மேட்ச்சுக்குன்னு செஞ்சிருக்கமாட்டாரு. பிராக்டிஸ்ல காத்து பெயில்ஸைத் தள்ளிக்கிட்டே இருக்கும். குனிஞ்சு குனிஞ்சு எடுக்கணும். அவருக்கோ முட்டிவலி. அதுக்குன்னு ஆழமாக்கியிருப்பாரு. ஃபைனலுக்கு முந்தின நாள் எல்லாத்துக்கும் எண்ணெய் பூசிச் சுவர்ல சாய்ச்சு வெச்சாரே, அப்ப பிராக்டிஸ் ஸ்டம்பு ஒண்ணு மேட்ச் செட்டுக்கு மாறியிருக்கும். அன்னிக்குக் காத்துன்னு அம்பயரும் கனமான பெயில்ஸ் வெச்சாரு."

"இதை ஏன் என்கிட்டகூடச் சொல்லலை?"

"சொன்னா உங்கப்பாவோட அடுத்த சண்டையிலேயே அவர் மூஞ்சிக்கு நேரா வீசியிருப்ப. அந்த மனுஷனுக்கு அது கடைசி ஃபைனல், வெர்லி. தன் கையாலேயே தோத்தேன்னு அவருக்குத் தெரியறதைவிட, நான் திருடன்னு அவர் நினைச்சுட்டுப் போகட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது, அதனால்தான் நம்பப் பயமாக இருந்தது. பதினோரு மாதம் பொய் சொன்ன வாய்தானே இது? தச்சனுக்கு அரத்தைச் சாய்த்துப் பிடிக்கத் தெரியாதா?

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவர் தடுக்கவில்லை. "அவர்கிட்ட மெதுவாச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாமான் ரூமில் புது ஸ்டம்புகளை வரிசையாகச் சாய்த்து வைத்தேன். நடுவில் பழையதையும் வைத்து, பச்சை வளையத்தின் மேல் ஒரு துணியைச் சுற்றினேன்.

"மிஸ் இனிஸ் கொடுத்தது. மேட்ச்சுக்கு ஆகுமான்னு பாத்துச் சொல்லுங்கப்பா."

அப்பா ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். "ம்... சரி... இதுவும் சரி... நல்ல மரம்..." நடுவில் இருந்ததில் நகம் நின்றது. இன்னொரு முறை ஓட்டினார். பிறகு துணியை அவிழ்த்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இது எங்க கிடைச்சுது?"

"கிராண்ட்லி வீட்டுல."

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? பள்ளத்தைப் பாரு, அரம் போட்டு..." ஸ்டம்பைக் கண்ணருகே கொண்டுபோனார். கோடுகளைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார்.

மூலைக்குப் போய், சாக்குக்குள் கிடந்த பழைய பிராக்டிஸ் ஸ்டம்புகள் மூன்றையும் இழுத்துப் போட்டார். முதலாவதில் நகம் முழுசாக முங்கியது. இரண்டாவதிலும் முங்கியது. மூன்றாவதில் பாதிதான் போனது. அது மேட்ச் ஸ்டம்பு. ஒரு வருஷமாகத் தவறான சாக்கில் கிடந்திருக்கிறது.

அப்பா எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். வெளியே காற்று தகரக் கூரையை உதறியது. எனக்கோ, வெட்கக்கேடாக, மனசு லேசாகிக்கொண்டே போனது. கிராண்ட்லி அன்று வந்தது எனக்காகத்தான்.

"அவனுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்கிட்டகூடச் சொல்லலை. நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

அப்பா ஸ்டம்பைக் கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "இருந்தாலும் அவன் அவுட்டுதான்" என்றார்.

"அதை அவர்கிட்டயே சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன். சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வரச் சொல்லு. புது ஸ்டம்பு, லேசான பெயில்ஸ். ஆறு பந்து போடறேன்."

"சர்ச்சுக்கு வருவீங்களாப்பா?"

"முதல்ல ஆறு பந்து."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பழைய ஸ்டம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பாமலே சொன்னார்:

"என் சாம்பல் கலர் கோட்டைக் காத்தாடப் போடு. பாச்சா உருண்டை நாத்தத்தோட வந்தா உன் மாமியார் மூக்கைப் பிடிச்சுக்குவா."