பேசாத நேரத்துச் சத்தம்

போர்வைக்குள் மாலதிக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, மேலே கம்பளிப் போர்வையும் அதற்கு மேல் பழைய மெத்தை விரிப்பும் போர்த்தி, அந்தக் கூடாரத்துக்குள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. சுவர்க் கடிகாரம்கூட பேட்டரி கழற்றப்பட்டுக் கட்டிலில் குப்புறக் கிடந்தது. முகத்துக்கு நேராக, சப்பாத்திப் பலகையின் மேல் மைக். அதிலிருந்து போன தடித்த கேபிள் சிவப்பு நிறப் பெட்டி ஒன்றில் முடிந்தது. அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு கேபிள் மடிமேலிருந்த லேப்டாப்புக்கு வந்தது.

அவள் பேசவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஆள் பேசாதபோது திரையில் ஓடும் பச்சைக் கோடு நூல்மாதிரி தட்டையாக இருக்க வேண்டும் என்று லூர்துசாமி அண்ணன் சொல்லியிருந்தார். கோடு கம்பளிப்பூச்சிமாதிரி தடியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"சனியனே," என்றாள். அதையும் பெட்டி பதிவு செய்துகொண்டது.

மே மாதம் அவள் வேலை பார்த்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். தமிழுக்கு ஒரு டீச்சர் போதும் என்றார்கள். மூத்த டீச்சரை வைத்துக்கொள்ள, ஒன்பது வருடம் பாடம் நடத்திய மாலதி வெளியே வந்தாள். அப்புறம்தான் சென்னைக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தாள். பள்ளிப் பாடங்களை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். குரல் பிடித்துவிட்டது என்று உடனே பதில் வந்தது. ஆனால் மாதிரிப் பதிவை அனுப்பினால் இரண்டு முறையும் ஒரே வரிதான் திரும்பி வந்தது: பின்னணி இரைச்சல் அதிகம். மூன்றாவது முறையும் அப்படி வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு.

சிவப்புப் பெட்டி பெரியம்மா மகன் லூர்துசாமியுடையது. சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். லேப்டாப் அவள் தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துவைப்பதற்குள் மாலதிக்குப் பாதி உயிர் போய்விட்டது. முதலில் பெட்டி இருப்பதையே லேப்டாப் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர் என்கிற மென்பொருளைப் போடு என்றார் அண்ணன். போட்டாள். மைக்கில் பேச்சு வரவில்லை. 48 என்று எழுதிய பொத்தானை அமுக்கு என்றார். அது நாற்பத்தெட்டு வோல்ட் என்று தெரிந்ததும் ஷாக் அடிக்கும் என்று பயந்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு அமுக்கினாள். பேச்சு வந்தது, இடது காதில் மட்டும். ஸ்டீரியோவை மோனோ ஆக்கு என்றார். எங்கே ஆக்குவது என்று தேட அரை நாள் போயிற்று. எல்லாம் சரியான பிறகு பார்த்தால் இந்தத் தடிக் கோடு. ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

கேபிளில் கரண்ட் கசிகிறது, வீட்டுக்கு எர்த் இல்லை, அதனால்தான் என்றார் அண்ணன் போனில். மாலதியின் கணவன் அந்தோணிசாமி அன்று ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கெமிக்கல் கம்பெனியில் அவன் காண்ட்ராக்ட் லோடிங். நாள் முழுக்க மூட்டை தூக்கியவன், இடுப்பளவு பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். வாடகைக்கு இருப்பவர்கள் கொல்லையைத் தோண்டுவதா என்று வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். எலக்ட்ரீசியன் கம்பி இழுத்துக் கொடுத்தார். மாலதி ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தாள். அதே தடி.

"ஏன் மாலதி, ஒருவேளை ஒன் குரல்லயே ஏதாச்சும் இருக்குமோ?" என்றான் அந்தோணிசாமி.

அவள் முறைத்த முறைப்பில் அவன் குளிக்கப் போய்விட்டான்.

புதன்கிழமை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் சுருட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். கீழவீதிக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது லூர்துசாமியின் ஸ்டூடியோ. கடைகள் திறக்காத காலை நேரம். அவர் அதே பெட்டி, அதே கேபிள், அதே லேப்டாப்பை அவள் எதிரிலேயே மாட்டினார். கோடு தட்டையாகக் கிடந்தது. மாலதி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்க வூட்லதான் என்னமோ இருக்கு," என்றார்.

"எங்க வூட்ல என்னாண்ணே இருக்கு? ஒரு ஃபேனு, ஒரு ஃபிரிட்ஜு, நாங்க மூணு பேரு."

மாதிரியை இங்கேயே பதிவு செய்து அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். அனுப்பலாம்தான், அப்புறம் பாடங்களை எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்பது மணிக்கு மேல் இந்தச் சந்தில் பேசுகிறவன் குரல் அவனுக்கே கேட்காது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. இது என்ன மாயமோ தெரியவில்லையே என்று பரங்கிப்பேட்டை வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மாலதி மறுபடியும் போர்வைக்குள் இருந்தாள். அவள் எதையும் தொடவில்லை. கண்ணெதிரே கோடு மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நூலாகிவிட்டது. அதே நேரத்தில் காதுக்குள் தண்ணீர் போனமாதிரி இருந்தது. சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள். போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது.

வாசலுக்கு வந்தாள். எதிர் வீட்டு ராமாமிர்தமும் அரிசி முறத்தோடு தெருவில் நின்றிருந்தாள். இன்னும் நாலைந்து பேர் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"காது அடைச்சிக்கிச்சிடி மாலதி. ஒனக்குமா?" என்றாள் ராமாமிர்தம்.

தெருக்கோடியில் அந்தோணிசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் ஹேண்டில் பாரில் தொங்கியது. கம்பெனி ஷட்டவுன், பாய்லர் வேலை என்றான். காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மறுபடி கம்பெனியை ஓட்டும்போது சூப்பர்வைசர் இளவரசு போன் செய்வாராம்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டானுவ. காத்து அடிக்கிற அந்தப் பெரிய புளோயரக்கூட."

மாலதி வீட்டுக்குப் பின்னால் தெரிந்த கம்பெனிச் சுவரைப் பார்த்தாள். பதினோரு வருடம் இந்த வீட்டில் இருக்கிறாள். பிள்ளை பெற்று வந்து படுத்ததும் இங்கேதான். ராப்பகலாக ஓடிய அந்தப் புளோயர் சத்தம் ஒரு நாள்கூட அவள் காதில் தனியாக விழுந்ததில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் புருஷன்மேல் பாய்ந்தாள்.

"இம்மா சத்தம் இருந்திருக்கு, அதுக்குள்ளயே வேல செய்யிறீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்னா சத்தம்?" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

அன்றைக்கே மாதிரியை அனுப்பினாள். சனிக்கிழமை மதியம் பதில் வந்துவிட்டது. தேர்வு. முதல் தவணையாக நாற்பது பாடங்கள், மாதக் கடைசிக்குள். மாலதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவள், அடுத்த நாளிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று படித்தாள்.

அந்தோணிசாமி வீட்டில் பூனைபோல நடந்தான். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினான். இரண்டு நாள் நெல்லிக்குப்பம் போய்ச் சர்க்கரை ஆலையில் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தான். கரும்பு அரவை இல்லாத நேரம், அங்கேயும் ஆள் வேண்டாம் என்றார்கள். ஷிப்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆறாம் நாள் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவிட்டுக் கேட்டான்:

"கம்பெனி ஓடுனா நீ படிக்க முடியாது. ஓடலன்னா நான் சும்மா குந்திக்கினு இருக்கணும். நான் மாதாகிட்ட என்னான்னு வேண்டிக்கிறது?"

மாலதி அரிசி டப்பாவைத் தானும் ஒரு தடவை திறந்து பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பன்னிரண்டாம் பாடம். அலையாத்திக் காடுகள் கடலரிப்பைத் தடுக்கின்றன என்று படித்துக்கொண்டிருந்தாள். போர்வை இடுக்கு வழியே அவன் தெரிந்தான். கையிலிருந்த போன் அதிர்ந்தது. சத்தம் வராமலிருக்க அதை லுங்கியோடு சேர்த்து வயிற்றில் அழுத்திக்கொண்டான். எழுந்து நடந்தால் கதவு கிறீச்சிடும். எடுத்துப் பேசினால் பாடம் கெடும். இளவரசு ஒரு தடவைதான் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"எடுங்க," என்றாள் மாலதி.

"சார்… வர்றேன் சார். வந்துடுறேன் சார்," என்றான். வீடே அதிரும்படி சொன்னான். திரையில் அலையாத்திக் காடுகளுக்குப் பக்கத்தில் அவன் குரல் மலைமலையாக எழும்பி நின்றது. மாலதி அந்தத் துண்டை வெட்டி எடுத்தாள்.

"எப்ப ஓட்றாங்களாம்?"

"காலைல ஆறு மணிக்கு." அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். "இன்னும் எத்தினி பாடம் கெடக்கு?"

"இருபத்தெட்டு."

அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். விட்ட வரியிலிருந்து படித்தாள். முடித்ததும் பதின்மூன்றாம் பாடத்தை எடுத்தாள். அந்தோணிசாமி ஒரு வாரமாகக் கொடியில் கிடந்த கம்பெனிச் சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். துவைக்கிற கல்லில் ஒரு அடி அடிக்கக் கையை ஓங்கியவன், நிறுத்தினான். வாளித் தண்ணீருக்குள்ளேயே சட்டையை முக்கி, உள்ளே அவள் வாசிப்பது கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து, சத்தம் வராமல் கசக்கினான்.