சீலோக்கின் முதுகில் ஒரே ஒரு சொட்டு

சீலோக்குக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்?

சீலோக் எங்கள் கினிப்பன்றி. லெம்பாங் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போன என் மாமனார், தக்காளியை மறந்துவிட்டு இதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாண்டுங்கில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; நான் அவரை 'அபா' என்றுதான் கூப்பிடுவேன். மாமியார் தவறிப்போன பிறகு சாப்பாட்டு மேசையில்கூட வாயைத் திறக்காத மனிதர், இதனிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவார். எந்த வளைவில் எவன் குறுக்கே வந்தான், எந்த நடத்துநர் தூங்கி வழிந்தான் என்று ஒன்று விடாமல் சொல்வார். இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் மனிதர் மறுபடி ஊமையாகிவிடுவாரே என்றுதான் எனக்குப் பயம்.

அதன் முதுகில் முடி கொட்டியது. தோல் தடித்து, தவிட்டைத் தூவினாற்போல் செதில் உதிர்ந்தது. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிட்டது. ஒருநாள் நான் தொட்டதும் பக்கவாட்டில் விழுந்து, வெட்டி வெட்டி இழுத்தது.

"குளிர்காத்து உள்ள பூந்துடுச்சும்மா" என்றார் மாமனார்.

"வெயில்ல வெச்சா சரியாயிடும்" என்றார் என் கணவர் குமிலார். போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே!

"அட, இது வெறும் படைதான். என் தம்பிக்குக்கூட வந்துச்சு" என்றார் பக்கத்து வீட்டு இமாஸ் அக்கா, வாசலில் நின்றபடியே.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சீலோக்கைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். டாக்டர் லாராஸ் தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"படை இல்ல. சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே போகும். அரிப்பு தாங்காமத்தான் வலிப்பு வருது" என்றார். எடை பார்த்து ஊசி போட்டார். "ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ஊசி. கூண்டைக் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவுங்க. நீங்களா எதையும் தடவாதீங்க, தோல் புண்ணா கெடக்கு."

வீட்டுக்கு வந்ததும் மூவரையும் நிறுத்திவைத்து இதையே சொன்னேன். மூவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

சில நாள் தேவலையாக இருந்தது. பிறகு முதுகு செக்கச்செவேலென்று சிவந்தது. நடுக்கம் வந்தது. கீரையைத் தொடவில்லை, புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கூண்டை மறுபடி தேய்த்துக் கழுவினேன். புல் விற்கிறவனிடம் போய் நடுத்தெருவில் சண்டை போட்டேன். கடைசியில் சீலோக்கைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடமே எகிறினேன்.

"உங்க ஊசியிலதான் ஏதோ கோளாறு!"

அவர் சீலோக்கைத் தூக்கி மூக்கருகே வைத்தார். "காயு பூத்தி தைலம் தடவினீங்களா?"

"சத்தியமா இல்ல."

"மோந்து பாருங்க."

மோந்தேன். சுரீரென்று ஏறியது. வயிற்று வலியா, சளியா, கொசுக்கடியா, பேருந்துப் பயணமா, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்தத் தைலம்தான். பச்சைக் குழந்தைக்கும் அதுதான். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகூட அந்த வாசனைதான் அடிக்கும். அதனால் வீட்டில் இருந்தவரை எனக்கு உறைக்கவே இல்லை.

"புண்ணு மேல பட்டா நெருப்பா எரியும். நக்கினா வயித்துக்குள்ளயும் போகும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அதை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துவட்டினார். "சாப்பிடலன்னா குடல் நின்னுடும், அப்புறம் பொழைக்காது. ஊசிக்குழாயில கூழ் குடுங்க. தைலம் பட்ட கை எதுவும் இதைத் தொடக் கூடாது."

வீட்டுக்குள் கால் வைத்ததும் கத்தினேன். "யாரு தடவினது?"

குமிலார் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு சொட்டு. கொசு மொய்ச்சுதேன்னு…"

"நானும் ஒரே ஒரு சொட்டுதான் வெச்சேன்" என்றார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த இமாஸ் அக்கா. "பாவம், வயிறு உப்பின மாதிரி இருந்துச்சு."

"நாசமாப் போச்சு! ஆளுக்கு ஒரு சொட்டா? அதென்ன கினிப்பன்றியா, ஊறுகாயா?"

மாமனார் தரையைப் பார்த்தார். "நான் காலைல, சாயந்தரம்…" என்று இழுத்தார்.

நான் அவரைத் திட்டக்கூட இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பின் கூழ் கொடுப்பது, துடைப்பது, மறுபடி கூழ் கொடுப்பது. சீலோக் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். பாதி என் மடியில்தான் வழியும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. யார் கதவைத் தட்டினாலும், "போங்க அந்தப் பக்கம்!" என்று விரட்டினேன்.

மழை கொட்டிய ஒரு காலையில் மறுபடி தட்டல். மாமனார்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"குளிச்சிட்டேன். துணியும் துவைச்சு மாத்திட்டேன். மோந்து பாரு, நெங்."

மருமகளை அவர் இப்படிச் செல்லமாகக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! மோந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். முட்டி வலிக்குத் தைலம் இல்லாமல் ஒரு நாளும் இருந்தறியாதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதா, அபா?"

"வலிக்கட்டும்."

என் கோபம் தீரவில்லைதான். ஆனாலும் துண்டோடு சீலோக்கை அவர் கையில் வைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, ஊசிக்குழாயை அதன் கடைவாயில் மெல்ல வைத்தார். சீலோக் ஒரு வாய் மென்றது, விழுங்கியது. இன்னொரு வாய்.

"எரியுதுன்னு நடுங்கியிருக்கியே" என்றார் அதனிடம். "குளிருதுன்னு நெனச்சு, நான் இன்னும் இன்னும் தேய்ச்சேன்டா."